குறட்டையும் ஒரு மாற்றுச் சாவியும்

குறட்டை நன்றாக ஏறியதும் தையல்காரி தன் கணவரின் சட்டைப்பைக்குள் இரண்டு விரலை விட்டாள்.

கார் சாவி கையோடு வந்துவிட்டது. குறட்டை நிற்கவில்லை.

எறும்பு ஊர்ந்தால்கூட எழுந்து உட்கார்ந்துகொள்கிற மனிதர். இன்றைக்கென்று பார்த்துச் சோபாவில் அடித்துப் போட்ட மாதிரி தூங்குகிறாரே, எல்லாம் நம் நல்ல நேரம் என்று நினைத்துக்கொண்டு செருப்பைக் கையில் எடுத்தாள். தெருமுனை வரைக்கும் வெறுங்காலோடுதான் ஓடினாள்.

சாவிக்கடை ஓர் அலமாரி அகலம் இருந்தால் அதிகம். சாவிக்காரர் சாவியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“இதைப் பாத்து அப்படியே வெட்டினா தேய்மானத்தையும் சேத்துத்தான் வெட்டணும்க்கா. இதுல வண்டி எப்படித்தான் ஸ்டார்ட் ஆகுது?”

அது ஒரு பெரிய கதை. சாவியை உள்ளே விட்டு, ஒரு நூல் அளவு வெளியே இழுத்து, நாலு உலுக்கு உலுக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்ப வேண்டும். அந்த வித்தை அவள் கணவர் ஒருவருக்குத்தான் கைவந்தது. அதில் அவருக்கிருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. சொந்தத் தம்பி கேட்டே சாவியைக் கொடுக்காதவர்.

அவளிடம் கொடுக்காததற்குக் காரணம் வேறு. கல்யாணமான புதிதில் ஆசையாக ஓட்டக் கொடுத்தார். பின்னால் எடுக்கிறேன் பேர்வழி என்று அவள் வாசல் தூணைப் பெயர்த்துவிட்டாள். இந்த வீட்டுக்கு ஒரு டிரைவர் போதும் என்று அன்றைக்குச் சொன்னவர்தான். அவர் சொன்னால் சொன்னதுதான். பிறகு அவரே நினைத்தாலும் மாற்றிக்கொள்ள வராது.

அதனால் அவளும் சொல்லாமலே கற்றுக்கொண்டாள். நூல் வாங்கப் போகிறேன் என்று கிளம்பி டிரைவிங் ஸ்கூலுக்குப் போனாள். போன மாதம் லைசென்ஸும் வாங்கிவிட்டாள். பொய் பொய்யாகிவிடக் கூடாதே என்று ஒவ்வொரு தடவையும் நூலும் வாங்கினாள். பிறக்காத பேத்தியின் கல்யாணத்துக்குக்கூட இப்போதே தைத்து வைத்துவிடலாம், வீட்டில் அவ்வளவு நூல். எதற்கு இவ்வளவு என்று அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இன்று மாலை, வெளியூரில் வேலை பார்க்கிற மகள் ரயிலில் வந்து இறங்குகிறாள். நீ ஓட்டிக்கொண்டு வந்து என்னைக் கூட்டிப்போனால்தான் நம்புவேன் என்று போனில் சிரித்திருந்தாள். அந்தச் சிரிப்பு தையல்காரிக்கு ரோஷத்தைக் கிளப்பிவிட்டது. இன்றைக்கு விட்டால் இந்த ஜென்மத்தில் தனக்குத் தைரியம் வராது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

ஆனால் திருட்டுச் சாவியில் ஓட்ட மனசில்லை. தவிர, அவர் விழித்தால் வண்டியைத் தேட மாட்டார், பையைத்தான் தடவுவார். தனக்கென்று ஒரு சாவி வெட்டிக்கொண்டு அவருடையதை அவர் பையிலேயே போட்டுவிட்டால் அது திருட்டில் சேராது என்பது அவள் கட்சி.

“தேயறதுக்கு முன்னாடி எப்படி இருந்திருக்குமோ அப்படி வெட்டிக் குடுங்க தம்பி.”

சாவிக்காரர் காதைச் சொறிந்தார். பிறகு மிஷினைப் போட்டார், அரத்தால் ராவினார், கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், மறுபடி ராவினார். திரும்பினால் உங்க அதிர்ஷ்டம் என்று கையில் கொடுத்தார். சூடு ஆறாத சாவியை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு நடந்தாள்.

வழியெல்லாம் அவள் யோசித்தது ஒன்றே ஒன்றைத்தான். வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டும். அதே தூண்.

வாசலுக்கு வந்தால் வண்டி தெருவைப் பார்த்து நிற்கிறது. ஓடின அவசரத்தில் கவனிக்கவேயில்லை. எப்போதும் வீட்டுச் சுவரைப் பார்த்து நிறுத்துகிறவர், காலையில் கழுவும்போது திருப்பியிருப்பார் போல. மகராசன் நன்றாக இருக்கட்டும் என்று மனசுக்குள் வாழ்த்தினாள்.

உள்ளே குறட்டை குறையாமல் ஓடிக்கொண்டிருந்தது. பை இருக்கிற பக்கம் மேலே வரும்படி ஒருக்களித்துப் படுத்திருந்தார். பழைய சாவியைப் போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

சத்தம் வராமல் கார் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். கால் க்ளட்ச்சுக்கு எட்டியது.

காலை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தாள். மறுபடியும் எட்டியது.

அவரோ நெட்டைக் கொக்கு. அவர் உட்கார்ந்து எழுந்த சீட்டில் அவள் உட்கார்ந்தால் கால் அந்தரத்தில் தொங்கும். அந்த சீட் இப்போது எவ்வளவு முன்னால் வருமோ அவ்வளவும் வந்திருந்தது.

கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தாள். அதையும் தொட வேண்டியிருக்கவில்லை. அவள் உயரத்துக்கு, பின்னால் இருந்த வீட்டு ஜன்னல் நேராகத் தெரிந்தது.

திரைச்சீலை ஒரு சாண் விலகியிருந்தது. அங்கே அவர் நின்றுகொண்டிருந்தார். கண் இரண்டும் நன்றாகத் திறந்திருந்தன. வாய் மட்டும் கடமை தவறாமல் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. இத்தனை வருஷத்தில் இந்த மனுஷனை இவ்வளவு பிடித்ததே இல்லை.

புதுச் சாவியைப் போட்டாள். இழுக்கவில்லை, உலுக்கவில்லை. சும்மா திருப்பினாள். வண்டி எடுத்த எடுப்பில் ஸ்டார்ட் ஆனது.

கண்ணாடிக்குள் அவர் வாய் அப்படியே பிளந்து நின்றது. அன்றைக்கு முதல் தடவையாகக் குறட்டை நின்றுபோனது.

“நூல் வாங்கிட்டு வந்துடறேங்க,” என்று அவள் வெளியே தலையை நீட்டிச் சத்தமாகச் சொன்னாள்.

திரைச்சீலை சடக்கென்று மூடிக்கொண்டது. வண்டிச் சத்தத்தையும் மீறிக் குறட்டை அவசர அவசரமாக மறுபடி ஆரம்பித்தது.