மைனஸ் முப்பத்தொன்பது

அடைப்புக்குறிக்கு வெளியே நிற்கும் ஐந்து உள்ளே இருக்கிற இரண்டு உறுப்புகளையும் பெருக்க வேண்டுமே, இவர் ஒன்றோடு நிறுத்திவிட்டாரே என்று அடுக்களையிலிருந்தே கண்டுகொண்டாள் பூங்கோதை. கூடத்தில் அவள் கணவர் தணிகாசலம் டியூஷனுக்கு மாதிரி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளுக்குப் பின்னால் பெற்றோர்கள். பையில் இரண்டு ரூபாயும் ஐந்து ரூபாயுமாக இருபது நாணயங்கள்; மொத்தம் அறுபத்தொரு ரூபாய். இரண்டு ரூபாய் நாணயங்கள் எத்தனை? பலகையில் மைனஸ் முப்பத்தொன்பது என்று விடை வந்திருந்தது.

“பையில ஓட்டையா சார்?” என்றாள் ஒரு மாணவி. கூடமே சிரித்தது.

கணக்கு சிக்கினால் அவருக்குத் தாகம் எடுக்கும். தண்ணீர் குடிக்க உள்ளே வருவார், அவள் மெதுவாகச் சொல்லித் தருவாள், அவர் போய் எழுதுவார். கல்யாணமானதிலிருந்தே இப்படித்தான். இன்று வகுப்பு தொடங்குமுன், ஒரு கணக்கை நான் நடத்தட்டுமா என்று அவள் கேட்டாள். “குழம்புக்கு உப்புப் போடவே உனக்குக் கணக்கு தெரியல” என்றார், பெற்றோர்கள் காதுபட. அவர்களும் சிரித்தார்கள். அதை அவள் இன்னும் விழுங்கவில்லை.

இப்போது வந்துவிட்டார். “கோதை, எங்க தப்பு? சீக்கிரம் சொல்லும்மா, எல்லாரும் பாக்குறாங்க.”

அவர் கழுத்தில் வியர்வை இறங்குவதை ஆசைதீரப் பார்த்தாள். டம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றி நீட்டினாள்.

ஒரே மூச்சில் குடித்தார். “குடிச்சிட்டேன். சொல்லு.”

அவள் காலி டம்ளரை வாங்கி மறுபடியும் நிரப்பினாள்.