டம்ளரில் பிடித்தது

அலுமினியப் பாத்திரங்களுக்குப் பதினெட்டு வருடமாக மெருகு போடும் பூங்காவனத்துக்குக் கை நடுக்கம். உடம்பில் அலுமினியம் ஏறியிருக்கிறதா என்று பார்க்கக் கம்பெனி டாக்டர் சிறுநீர் கேட்டார். அவர் கொடுத்த குப்பிக்கு வாய் சின்னது. நடுங்கும் கையோடு என்ன செய்வாள்? பட்டறை டம்ளரில் பிடித்து ஊற்றிக் கொடுத்தாள்.

ரிப்போர்ட்டில் அளவு எக்கச்சக்கம்.

“அலுமினிய டம்ளர்ல பிடிச்சேன்னு நீயே சொல்றியேம்மா. அதுலேர்ந்து எறங்கினதுதான் இது. உன் உடம்புல ஒண்ணுமில்ல.”

“ஒரு நிமிசம் டம்ளர்ல கெடந்ததுக்கே ஏறிடும்னா, பதினெட்டு வருசமா அந்தத் தூளையே மூக்கால இழுக்குற எனக்கு ஏறாதா சார்?”

டாக்டர் ரிப்போர்ட்டின் மேல் ‘செல்லாது’ என்று எழுதினார். பூங்காவனம் அந்தத் தாளின் மேல் ஓங்கி அறைந்தாள். கையை எடுத்தபோது ஐந்து விரல்களும் மினுமினுப்பாகப் பதிந்திருந்தன. டாக்டர் கைக்குட்டையால் துடைத்தார். துடைக்கத் துடைக்க அது பளபளத்தது.