சர்க்கரை இல்லாத சர்க்கரைப் புண்

அமெரிக்க நோயாளிகளின் மருத்துவக் குறிப்புகளைப் படித்து, இன்ஷூரன்ஸுக்காக ஒவ்வொரு நோய்க்கும் 'கோடு' எனும் குறியீட்டு எண் போடும் ஆபீஸ் அது. சாப்பாட்டு நேரத்தில் ஹெலன், டீம் லீடர் பரத்திடம் ஒரு சந்தேகம் கேட்டாள்.

"ரெண்டு பாதத்துலயும் பனிக்கடி சார். அஞ்சு விரல் கறுத்துப்போச்சு. ஆனா டாக்டர் சர்க்கரைப் புண்ணுன்னு எழுதிக்கீறாரு."

"சுகர் எவ்ளோ?"

"தொண்ணூறு."

"பிரமாதம்! சர்க்கரையே இல்லாத சர்க்கரைப் புண்ணு. அந்த மகான் எங்க போய் நின்னாராம்?"

"மைனஸ் இருபத்தஞ்சுல, நாலு மணி நேரம். கிழிஞ்ச பூட்ஸு."

பரத் சிரித்தான். "கிழிஞ்ச பூட்ஸ் போட்டுக்கினு பனியில நின்னா கால் கறுக்காம சிவக்குமா? வெள்ளக்காரனுக்குக் கொழுப்பும்மா. டாக்டர் எழுதாத நோய்க்கு நாம கோடு போட முடியாது. விளக்கம் கேட்டு அவருக்கே லெட்டர் அனுப்பு. எந்த ஊரு, அலாஸ்காவா?"

"கும்மிடிப்பூண்டி சார். மீன் கம்பெனி ஃப்ரீசர் ரூம். எழுதினது கம்பெனி டாக்டர்." ஹெலன் சாப்பாட்டைத் தள்ளி வைத்தாள். "பேஷண்ட் எங்கப்பா."

பரத் எடுத்த கவளத்தைக் கீழே வைத்தான். "கம்பெனியில இன்னா சொல்றாங்க?"

"கும்மிடிப்பூண்டி வெயில்ல பனி கடிக்குமான்னு சிரிக்கறாங்க. பெரிய மனசு பண்ணி, நாளைக்கு அவங்க செலவுலயே விரலை எடுத்துடறாங்களாம்."

பரத் டிபன் பாக்ஸை மூடினான்.

"எடுத்துட்டா விரலோட சாட்சியும் போயிடும். கெளம்பு, அப்பாவ இன்னிக்கே பெரியாஸ்பத்திரில காட்டி, பனிக்கடிதான்னு எழுதி வாங்கலாம். நானும் வரேன்."