உள்ளே வந்த பந்து

முகாய் மட்டையை ஒரு கையால் தூக்கி, கசாமாவின் நெற்றிக்கு நேரே நீட்டினார். மட்சுயாமா மைதானத்தில் கூடியிருந்த இருபதாயிரம் பேரும் சட்டென்று அடங்கினார்கள்.

"பாத்தியா? சொன்னேன்ல," என்றார் ஒகினோ. கசாமாவின் பந்துகளைப் பதினொரு வருடம் பிடித்த கேட்சர் அவர். பந்து வீசும் மேட்டுக்கே ஏறி வந்து காதருகே பேசினார். "முழங்கால் வலின்னு சொல்லிட்டு இறங்கிடுடா. மேயர் வீசட்டும். அவருக்கும் போட்டோ எடுத்த மாதிரி இருக்கும்."

"இருபத்தாறு வருஷமா காத்துக்கிட்டிருக்கேன். இறங்க மாட்டேன்."

"காலையிலேருந்து முகாய் பயிற்சி வலைக்குள்ள நிக்கிறான். வர்ற பந்தையெல்லாம் முறைச்சுப் பாக்கறான், பேச்சு கிடையாது. என்னடான்னு கேட்டேன். 'இன்னைக்கு அந்தச் சும்மா சுத்தற வேலையெல்லாம் கிடையாது'ங்கறான். நிஜமாவே அடிச்சான்னா அம்பத்தஞ்சு வயசுல உன்னால தடுக்க முடியுமா?"

பேஸ்பால் சீசனின் முதல் ஆட்டத்துக்கு முன்னால், முதல் பந்து வீசும் சடங்கு அது. யார் வீசினாலும், பந்து எங்கே போனாலும், மட்டைக்காரர் சும்மா ஒரு சுற்று சுற்றித் தவறவிட வேண்டும். வீசுபவருக்குக் காட்டும் மரியாதை. மேயர் தரையில் உருட்டிவிட்ட பந்தைக்கூட எங்கள் ஊரில் யாரும் சுற்றாமல் விட்டதில்லை.

கசாமா ஒரு காலத்தில் எங்களுக்குக் கடவுள். இருபத்தொன்பது வயதுக்குள் நூற்றுப் பதினெட்டு வெற்றி. மட்டைக்காரரின் நெஞ்சை உரசுகிற மாதிரி உள்ளே வரும் அவருடைய பந்தைத் தொட ஆளே கிடையாது.

இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் ஓர் ஆட்டத்தில், எதிரணியில் புதிதாகச் சேர்ந்திருந்த முகாய் மூன்று முறை வந்து, மூன்று முறையும் பந்தைத் தொடாமலே அவுட்டாகியிருந்தார். நான்காம் முறை வந்தபோது கடைசிச் சுற்று, ஆட்டம் சமம், மூன்று தளங்களிலும் முகாய் அணி ஆள். கசாமா உள்ளே வீசினார். பந்து முகாயின் முகத்தில் போய் அடித்தது.

மட்டைக்காரர் மேலே பந்து பட்டால், அவருக்கு இலவசமாக ஒரு தளம்; தளங்கள் நிறைந்திருந்தால் எல்லாரும் ஒரு தளம் முன்னேறலாம் என்பது விதி. அதனால் மூன்றாம் தளத்தில் நின்றவன் நடந்தே வந்து ஜெயிக்கும் ரன்னை எடுத்தான். முகாயை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். இடது கண் போனது போனதுதான்.

விரலை விட்டுச் சுத்தமாகக் கிளம்பிய பந்து எங்கே பிசகியதென்று கசாமாவுக்கு இன்றுவரை விளங்கவில்லை. அதற்குப் பிறகு உள்ளே வீச அவருக்குக் கையே வரவில்லை. வெளியே வெளியே வீசி, நேற்று வந்தவனிடமெல்லாம் அடி வாங்கி, மூன்றே வருடத்தில் விளையாட்டை விட்டார்.

ஒவ்வொரு புத்தாண்டுக்கும் முகாயிடம் மன்னிப்புக் கேட்டு வாழ்த்து அட்டை எழுதுவார். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. 'கசாமா வீசுவதானால் மட்டையோடு நான் நிற்கிறேன்' என்று போன மாதம் முகாயே சொல்லி அனுப்பியபோது கசாமா அழுதுவிட்டார். மன்னித்தேன் என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால் போதும் அவருக்கு.

ஒகினோ போய்க் குந்தினார். கையுறையை முகாய்க்கு எட்டாத தூரத்தில், வெளிப்பக்கமாக விரித்தார்.

"அண்ணே!" என்று முகாய் கத்தினார். "வெளிய போட்டா செல்லாது. உள்ள போடுங்க. அன்னைக்குப் போட்டீங்களே, அதே பந்து!"

வேண்டாம் என்று ஒகினோ தலையை ஆட்டினார்.

"என்னண்ணே, பயமா? கண்ணை விட்டவன் நானே நிக்கிறேன். உங்களுக்கென்ன வந்துச்சு?"

கசாமா பந்தின் தையலில் விரலை வைத்தார். எடுத்துக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தார். அந்த மனிதருக்கு மிச்சமிருக்கும் ஒரு கண்ணையும் எடுத்துவிட்டால்? கேட்டதைக் கொடுக்காமல் எந்த முகத்தோடு மன்னிப்புக் கேட்பது?

காலைத் தூக்கினார். உள்ளே வீசினார்.

முகாய் அசையவில்லை. தோளில் சாய்த்த மட்டை சாய்த்தபடியே இருந்தது. பந்து அவர் நெஞ்சைக் கடந்து, ஒகினோ அவசரமாக இழுத்துப் பிடித்த கையுறைக்குள் பட்டென்று விழுந்தது.

"சுத்தலையே!" என்று யாரோ கத்தினார்கள். "அத்தனை பேர் முன்னால மனுஷனை அவமானப்படுத்திட்டான்யா!"

கசாமா தொப்பியைக் கழற்றிக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கி வந்தார். மேயருக்குக் கிடைக்கும் மரியாதைகூடத் தனக்குக் கிடையாது என்பது புரிந்துவிட்டது. முகாயின் முன்னால் இடுப்பு மடியக் குனிந்தார். "கோவம் தீரலேன்னா பரவாயில்ல முகாய். என் தப்புதான்."

முகாய் அவரைப் பார்க்கவில்லை. நடுவர் பக்கம் திரும்பினார். "இப்ப வந்தது என்ன பந்துங்க? எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க."

நடுவர் விழித்தார். "ஸ்ட்ரைக். மேல படாம, சரியான எல்லைக்குள்ள வந்த பந்து. இதிலென்ன சந்தேகம்?"

முகாய் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்தார். மண்ணில் மண்டியிட்டு, நெற்றி தரையில் படக் குனிந்தார்.

"அன்னைக்கும் இதே ஸ்ட்ரைக்தாண்ணே... ஓசி ரன்னுக்காக நான்தான் குறுக்க சாஞ்சேன்."