உலக்கைக்கு இடம்

ஓர் உரலில் இரண்டு பேர் நெல் குத்தும்போது ஒருத்தியின் உலக்கை விழுகையில் மற்றவள் மூச்சு விட்டுக்கொள்வாள். கணவனை இழந்து அண்ணன் வீட்டோடு வந்துவிட்ட நீலம்மைக்கு அது மட்டும் பிடிபடவே இல்லை. எப்போதும் முந்திக்கொண்டு குத்துவாள். உலக்கையோடு உலக்கை முட்டும்.

"ஏட்டி, எனக்க உலக்கைக்கு எடம் விடு," என்பாள் அண்ணன் மனைவி செண்பகவடிவு. "நெல்லு என்ன எந்திரிச்சா ஓடப்போவுது?"

மாசியில் செண்பகவடிவு இறந்துபோனாள். அண்ணன் காலையில் கோட்டாற்றுக் கடைக்குப் போனால் இருட்டித்தான் திரும்புவார். நீலம்மை தனியாக, நிறுத்தாமல் குத்தினாள். நிறுத்தினால் வீட்டில் வேறு யாரும் இல்லாதது காதில் கேட்டது.

ஆனியில் ஒரு மத்தியானம் தோள் விட்டுப்போயிற்று. தூக்கிய உலக்கையை அவளால் உடனே போட முடியவில்லை. அந்த இடைவெளியில் உரலுக்குள் ஒரு குத்து விழுந்தது. நெல் துள்ளியது. செண்பகவடிவின் உலக்கை மூலையில் சாத்தியபடியே இருந்தது.

நீலம்மை தன் குத்தைக் குத்திவிட்டுக் காத்திருந்தாள். மறு குத்து விழுந்தது. வெகுநேரம் அப்படியே குத்தினார்கள். ஒருமுறைகூட முட்டவில்லை.

"இப்பம் எடம் போதுமா மைனி?" என்று கேட்டாள்.

நீலம்மை தன் உலக்கையைச் சுவரில் சாய்த்துவிட்டு, உரலுக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

குத்துச் சத்தம் நிற்கவில்லை. ஒவ்வொரு குத்துக்குப் பிறகும், நீலம்மையின் உலக்கைக்கு இடம் விட்டு, அது விழுந்துகொண்டே இருந்தது.