தூசி டப்பாவில் சிமெண்ட்

இந்தக் காலத்தில் யாரையும் நம்புவதற்கில்லை. சிரித்துப் பேசுகிறவன் பொய் சொல்கிறான். பேசாதவன் எதையோ மறைக்கிறான். கதவைச் சாத்தி வைத்தால் உள்ளே என்னவோ நடக்கிறது. திறந்து போட்டிருந்தால் நம்மை ஏமாற்றத்தான் திறந்து போட்டிருக்கிறார்கள்.

பெரியவரின் கொள்கை இதுதான். ஆலை வாசலில் முப்பது வருஷம் நின்று, வேலை முடிந்து போகிறவர்களின் பையையும் சாப்பாட்டு டப்பாவையும் திறந்து பார்த்தவர். ஆளுக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள், கைக்குக் கொடுக்கவில்லை. மாடியில் அவர் குடியிருந்தார். கீழ்வீட்டை ஒரு இளம் தம்பதிக்கு வாடகைக்கு விட்டு, அவர்கள் வாசலில் வைக்கும் குப்பைக் கூடையைத் தினமும் கிளறிப் பார்த்துவந்தார்.

அதில் கிடைத்த ஒரு பொட்டலத்தோடுதான் இன்று காலை போலீஸைக் கூட்டி வந்திருந்தார்.

"கொலை சார்," என்றார் கீழ்வீட்டு ஹாலில் நின்று. "இந்தப் பொண்ணு புருஷனைத் தீர்த்துட்டா. ஆளைப் பார்த்துப் பன்னெண்டு நாளாச்சு."

தரையில் செய்தித்தாளை விரித்து, வாக்குவம் கிளீனரின் தூசி டப்பாவைக் கழற்றித் தட்டிக்கொண்டிருந்தவள், பிரஷ்ஷும் கையுமாக எழுந்தாள். "அவர் ஆபீஸ் வேலையா வெளியூர் போயிருக்கார் சார்."

"எல்லாக் கொலைகாரியும் முதல்ல அதைத்தான் சொல்லுவா!"

"எத்தனை கொலைகாரிகளைப் பார்த்திருக்கீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இவதான் முதல்."

பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "போன வாரத்துக்கு முந்தின ஞாயித்துக்கிழமை, மத்தியானம் மூணே கால். 'இன்னொரு தடவை இந்த டப்பாவைக் கொட்டாம விட்டீங்க, உங்களையே அரைச்சு இதுல போட்டுடுவேன்'னா. அவன் 'போடேன்'னான். மறுநாள்லேருந்து ஆளைக் காணோம்!"

அவள் பிரஷ்ஷைக் கீழே போட்டாள். "ஐயோ, அது கதவைச் சாத்திக்கிட்டு எங்களுக்குள்ள மெதுவா, விளையாட்டுக்குச் சொன்னது சார்!"

"பாருங்க, ஒத்துக்கிட்டா. இப்ப தினம் டப்பாவைக் கழுவறா. ஃபில்டரைத் தட்டித் தட்டி அலசிக் காயப் போடறா. ஒருத்தி இவ்வளவு சுத்தமா இருந்தா என்ன அர்த்தம்?"

இன்ஸ்பெக்டர் டப்பாவை எட்டிப் பார்த்தார். அவர் வீட்டிலும் ஒரு வாக்குவம் கிளீனர் இருந்தது. அதன் டப்பாவை வாங்கிய நாளிலிருந்து யாரும் திறந்ததில்லை.

பெரியவர் பொட்டலத்தைப் பிரித்தார். சாம்பல் நிறத்தில் மாவு போல ஒரு பிடி தூள்.

"சிமெண்ட்! பக்கத்துல நின்னு கட்டின வீடு சார் இது, எனக்குத் தெரியாதா? இவ கொட்டற குப்பையில தினம் வருது. எங்கேயோ சுவத்தை உடைச்சு, அவனை உள்ள வச்சுப் பூசிட்டா."

ஏட்டு அறை அறையாகப் போய்ச் சுவரைத் தட்டினார். கட்டிலை நகர்த்தினார். தரையில் காலால் உதைத்துப் பார்த்தார். அதற்குள் ஜன்னலுக்கு வெளியே நாலு தலை முளைத்துவிட்டது.

"ஒரு கீறல்கூட இல்லைங்க ஐயா."

"இருக்காது," என்றார் பெரியவர், தன்னை மறந்து. "ஆணி அடிக்கக் கூடாது, ஸ்க்ரூ போடக் கூடாது, துளை போடவே கூடாது. அக்ரிமெண்ட்ல முதல் வரியே அதுதான்."

"ஆனா சிமெண்டுக்குப் பதில் வேணுமேம்மா," என்றார் இன்ஸ்பெக்டர். "ஸ்டேஷனுக்கு வந்து சொல்லிட்டுப் போ."

ஊரே பார்க்க ஜீப்பில் ஏறினால் நாளைக்கு இந்தத் தெருவில் எப்படி நடப்பது? அவசரமாகக் கணவனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"என்னம்மா, டப்பாவைக் கொட்டிட்டியா?" என்றது ஓர் ஆண் குரல்.

"கேட்டீங்களா சார்?"

"குரலை யார் வேணாலும் மாத்திப் பேசலாம்," என்றார் பெரியவர்.

அவள் அழாத குறையாக டப்பாவை நீட்டினாள். முடியும் நூலும் ஒரு சுருள். அதன் மேல் சாம்பல் நிறத் தூள். "ரிப்பேர்காரரும் இதைத்தான் கேட்டார் சார். இது வீட்டு அழுக்கே இல்லை, ஃபில்டர் அடைச்சுக்கும், தினம் கழுவலைன்னா மோட்டார் எரிஞ்சிடும்னு திட்டினார். நாங்க ஊருக்குப் போயிட்டு வந்த நாள்லேருந்து, ஒரு மாசமா, தினம் இந்த நாற்காலி மேலதான் கொட்டிக் கிடக்கு."

"ஒரு மாசமா?" இன்ஸ்பெக்டர் திரும்பினார். "புருஷன் காணாமப் போய்ப் பன்னெண்டு நாள்தானே ஆகுது?"

"முன்னாடியே ஒத்திகை பார்த்திருப்பா," என்றார் பெரியவர்.

இன்ஸ்பெக்டர் நாற்காலியைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, அதற்கு நேர் மேலே மின்விசிறி தொங்கும் இடத்தைப் பார்த்தார்.

"பெரியவரே, கதவு சாத்தியிருந்துச்சு. மெதுவாத்தான் பேசியிருக்காங்க. மூணே காலுக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"மேல, என் ரூம்ல. ஏன்? மனுஷன் அவன் வீட்டுல படுக்கக் கூடாதா?"

இன்ஸ்பெக்டர் ஏட்டின் காதில் ஏதோ சொன்னார். ஏட்டு மாடிப்படி ஏறினார்.

கொஞ்ச நேரத்தில் மின்விசிறிக்குப் பக்கத்திலிருந்து ஒரு குடைக்கம்பி மெல்ல எட்டிப் பார்த்தது. நாற்காலியின் மேல் ஒரு சிட்டிகை சிமெண்ட் உதிர்ந்தது. பின்னாலேயே ஏட்டின் குரலும் இறங்கியது.

"ஐயா, கட்டிலுக்கு அடியில ஓட்டை, அதைக் குத்தி விடக் குடைக்கம்பி, படுத்துக் கேக்கத் தலகாணின்னு எல்லாம் தயாரா வச்சிருக்காருங்க. நீங்க மூச்சு விடறதுகூடக் கேக்குது!"

ஓட்டை போட்ட அன்றைக்கு மேலே சிந்திய தூளை மட்டும் பொறுப்பாக அள்ளிக் கொட்டிவிட்டு, கீழே ஒருத்தி தினமும் தூசி டப்பாவைக் கழுவுவாள் என்று நினைத்தே பார்க்காத பெரியவர், "அதெல்லாம் இருக்கட்டும் சார், அந்தப் பையன் நேர்ல வந்து நிக்கட்டும், அப்புறம் நம்பறேன்" என்று முணுமுணுத்தபடியே ஜீப்பை நோக்கி நடந்தார்.