நெருப்புக்கும் மேட்டுக்கும் நடுவே

டென்மார்க்கில், பிராண்டே ஊரை அடுத்த புதர்வெளியில் மார்ச் மாத வெயில் சாய்ந்து கிடக்கிறது. முற்றிப்போன ஹெதர் செடிகளை எரித்தால்தான் புதுத்தளிர் வரும் என்று ஊரார் கூடித் தீ வைத்திருக்கிறார்கள். காற்றாலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் கிருபாஷினி, நெருப்பை அடித்தணைக்கும் நீளப்பிடி ரப்பர் மட்டையோடு வரிசையின் ஓரத்தில் நிற்கிறாள். செடிகள் படபடவென்று வெடிக்கின்றன. மேலே ஒரு வானம்பாடி நிறுத்தாமல் பாடுகிறது. அவள் காலடியில், சாம்பல் உடம்பில் கறுப்பு நெளிகோடு ஓடும் விரியன் ஒன்று, குளிர்கால உறக்கம் முழுதும் கலையாமல் மெல்ல ஊர்கிறது. அதற்கு முன்னால் எட்டடியில் மூவாயிரம் வருசத்துப் புதைமேடு. பின்னால் நாலடியில் தீ. “நில்லுங்கோ!” என்று கத்துகிறாள். பக்கத்தில் செடிகளுக்குத் தீ வைத்துக்கொண்டிருந்த டேனிஷ்காரர் ஒருவர், தமிழ் தெரியாவிட்டாலும், கையிலிருந்த பந்தத்தைத் தாழ்த்திவிடுகிறார். “தள்ளி வாரும் கிருபா, கடிச்சுப்போடும்,” என்கிறான் கணவன் ஜெனோஷன். “அது எங்களைப் பாக்கேல்லையப்பா. நீங்கள் அந்தப் பக்கத்து நெருப்பை அடியுங்கோ.” அவன் ஒரு கணம் தயங்கிவிட்டு அடிக்கிறான், அவளும் அடிக்கிறாள். புகை கண்ணைக் கரிக்கிறது. விரியன் அவசரப்படவில்லை. செடித்தண்டுகளுக்கு நடுவே வளைவு வளைவாக உடம்பை இழுத்துக்கொண்டுபோய், மேட்டடியில் பாசி படர்ந்த கல்லை எட்டி, வெயிலில் ஒருமுறை மின்னி, இடுக்குக்குள் இறங்குகிறது. “என்ன வடிவு!” என்கிறான் ஜெனோஷன், வால்நுனியும் மறைந்த இடத்தையே பார்த்தபடி.